கைக்குட்டை பொய் சொல்லாது

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் இருக்கிறவரும் உள்ளே வாருங்கள், அங்கே காற்று முதுகில் அடிக்கும். அழுகையைத் தராசில் நிறுத்து எது உண்மை என்று தீர்ப்புச் சொன்ன ஓர் ஆபீஸின் கதையைச் சொல்லப்போகிறேன். கடைசியில் ஒரு பெரிய மனிதர் அழுவார். அவருக்காக யாரும் இரக்கப்பட்டுவிட வேண்டாம். அந்த இரக்கத்தை வேறு யாருக்காவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை முடிந்து கொஞ்ச காலம் ஆன ஒரு நாட்டில் மெய்யுருக்க வாரியம் என்று ஒன்று இருந்தது. சண்டையைப் பற்றி யார் படம் எடுத்தாலும் அங்கே கொண்டுவந்து காட்ட வேண்டும். வாரியம் அதன்மேல் 'மெய்' என்று முத்திரை குத்திவிட்டால், படத்தில் உள்ளதெல்லாம் அப்படியே நடந்தது என்று ஆகிவிடும். பள்ளிக்கூடப் பாடத்தில் ஏறும். பதக்கம் கொடுப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். படத்தில் வீரமாக நின்றவர் வீட்டுக்கு மாலை போகும். படத்தில் ஓடிப்போனவர் வீட்டுக்கு என்ன போகும் என்பதைப் போகப் போகப் பாருங்கள்.

முதலில் எது மெய் என்று அதிகாரிகள் உட்கார்ந்து வாதாடித்தான் முடிவு செய்தார்கள். வாதாடி வாதாடித் தொண்டை கட்டிப்போனது; ஒரு படமும் நகரவில்லை. அப்போது புதிதாக ஒரு தலைவர் வந்தார். சண்டையில் கேப்டனாக இருந்தவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார், உட்காரும்போதும் அப்படியே உட்காருவதால் மேஜைக்கு எட்டமாட்டார். அவர் கண்ட வழி சுலபமானது. உண்மை இருந்தால்தான் மனசு உருகும். ஆகவே மனசு உருகினால் அங்கே உண்மை இருந்தே தீர வேண்டும். உருகியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படம் பார்க்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கைக்குட்டையை நிறுத்துக் கொடுப்பது. படம் முடிந்ததும் வாங்கி மறுபடி நிறுப்பது. கூடின எடைதான் உண்மை.

அந்தத் தராசுக்குக் கண்ணாடிக் கூண்டு, வெல்வெட் மெத்தை. அது அரங்குக்குள் வரும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். தராசுக்காரர் என்று தனி அதிகாரி உண்டு. தன் மூச்சுப் பட்டுத் தட்டு ஆடிவிடக் கூடாது என்று வாயைத் துணியால் கட்டியிருப்பார். நாளடைவில் வீட்டிலும் கட்டிக்கொண்டே இருந்துவிட்டார். அவர் பேசுவதில் பாதி மனைவிக்குப் புரியாததால் குடும்பம் அமைதியாக நடந்தது.

மூக்கைச் சிந்தினால் அதுவும் கணக்கில் வருமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க விவாதம் நடந்தது. மூக்கும் துக்கத்தில் பங்கெடுக்கிற உறுப்புத்தான் என்று ஒரு கட்சி. அது சந்தர்ப்பவாத உறுப்பு என்று இன்னொரு கட்சி. கடைசியில் கண்ணீருக்கு முழு மதிப்பு, சளிக்குப் பாதி மதிப்பு என்று முடிவானது. பிரித்துப் பார்க்கத் தெரியாததால் எல்லாவற்றையும் முழுதாகவே நிறுத்தார்கள். ஊரெல்லாம் ஜலதோஷம் பிடித்திருந்த வாரத்தில் வந்த, படைவீரர் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவது எப்படி என்கிற படம் அதுவரை இல்லாத எடை வாங்கியது. இன்றைக்கும் அந்த நாட்டில் அதைக் கண்ணீர்க் காவியம் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்தக் கைக்குட்டைகளைத் துவைத்து, கொதிக்க வைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுப்பவள்தான் நம்ம கதையின் நாயகி. வாரியத்தின் பின்கட்டில் கொடிகளுக்கு நடுவே இருப்பாள். தலைவர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் சலவையக்கா. அவளுக்கு வேறு யாருமில்லை, ஒரு தம்பி மட்டும். சண்டைக்கு முன்னால் லாரி ஓட்டினான். சண்டையில் ஜீப் ஓட்டினான். திரும்பி வரும்போது ஒரு கால் இல்லை. இப்போது வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து லாரிகளுக்குப் போடுகிற தார்ப்பாய்களுக்கு மழை இறங்காமல் மெழுகு பூசிக் கொடுக்கிறான். தார்ப்பாய்க்கு ஓரம் தைத்துத் தரும் தையற்கடைக்காரருடைய மகளுக்கும் அவனுக்கும் மனசு ஒத்துப்போய், கல்யாணப் பேச்சு நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

தம்பி ஓட்டியது யாருடைய ஜீப் என்று நினைக்கிறீர்கள்? தலைவருடைய ஜீப்தான்.

அன்றைக்கு நடந்ததை அவன் அக்காவிடம் ஒரே தடவைதான் சொல்லியிருந்தான். பின்வாங்கி வருகிற வழியில் சக்கரம் சேற்றில் சிக்கியது. தம்பி இறங்கித் தள்ளினான், சக்கரம் விடுபட்டது. பக்கத்தில் குண்டு விழுந்து கால் போனது. கேப்டன் திரும்பிப் பார்த்தார், ஸ்டியரிங்குக்கு நகர்ந்தார், போய்விட்டார். தம்பி முழங்கையால் ஊர்ந்து பாலம் வரைக்கும் வந்தான். அங்கே முகம் தெரியாத யாரோ அவனை வண்டியில் ஏற்றினார்கள். சொல்லி முடித்துவிட்டு, "ஊர்ந்து வர்றப்ப உன்னைத்தான்க்கா நெனச்சிட்டிருந்தேன். எவனாவது என்னைத் தூக்கிட்டுப் போய் எங்க அக்காகிட்ட போட்டுட மாட்டானான்னு," என்றான். அதோடு விட்டுவிட்டான்.

தலைவருக்குத் தன்னைப் பற்றியே ஒரு படம் எடுத்து அதில் தானே நடிக்க வேண்டும் என்று தோன்றியது அதற்குப் பிறகுதான். வாரியத்திலேயே மெய்ம்மை அதிகாரி என்று ஒருவர் இருந்தார். படம் தத்ரூபமாக வரவேண்டியது அவர் பொறுப்பு. அவர் உண்மையான களத்திலிருந்து உண்மையான சேற்றை லாரி லாரியாக வரவழைத்தார். நடிகர்களின் சட்டைகளைச் சலவையக்காவிடம் கொடுத்து நன்றாக வெளுக்கச் சொல்லி, வெளுத்த சட்டைமேல் அந்தச் சேற்றைத் தானே கையால் பூசினார். அழுக்குச் சட்டையை அப்படியே போட்டால் அது கட்டுப்பாடில்லாத அழுக்காம்.

தம்பியையும் ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். அவன் உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது என்று தலை வாரிக்கொண்டு போனான். சேறு என்ன நிறம், குண்டு விழுந்ததும் காதுக்குள் என்ன சத்தம், அப்போது யாரை நினைத்தான் என்றெல்லாம் நுணுக்கி நுணுக்கிக் கேட்டார்கள். கால் போகிற இடத்தில் நடிகர் அலறினார். தான் அலறவில்லை, எதிரிக்குக் கேட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததாகத் தம்பி சொன்னான். அவனையே ஒரு தடவை விழுந்து காட்டச் சொன்னார்கள். விழுந்தான். போதாது என்றார்கள். கடைசியில் ஜீப் போன கதையையும் சொன்னான். மெய்ம்மை அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் தோளைத் தட்டினார்.

"நடந்திருக்கலாம் தம்பி. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நம்பற மாதிரி இல்லையே."

படம் தயாரானது. தலைவர்களும் தளபதிகளும் பார்க்கிற பெருமக்கள் காட்சிதான் முத்திரையை முடிவு செய்யும். ஆனால் அதற்கு முன் பொதுமக்கள் காட்சி ஒன்று நடத்தி, அதில் தட்டுத் தாழ்ந்தால்தான் படம் மேலே போகும். அந்தக் காட்சிக்கு ஒரு ஆள் குறைந்தது. பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தவளை, "நீங்களும் பொதுமக்கள்தானேக்கா, வாங்க" என்று காவலாளி கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார். அவள் துவைத்த கைக்குட்டையையே அவளுக்கு நிறுத்துக் கொடுத்தார்கள்.

படத்தில் ஜீப் சேற்றில் சிக்கியது. டிரைவர் குதித்து ஓடினான். ஓடும்போது கேப்டனின் தண்ணீர்க் குடுவையையும் எடுத்துக்கொண்டு ஓடினான். சலவையக்கா எழுந்து போய்விடலாம் என்று பார்த்தாள். அதற்குள் குண்டு விழுந்தது, டிரைவர் சாய்ந்தான். கேப்டன் திரும்பினார். குண்டு மழைக்குள் நடந்து வந்து, தன்னை விட்டு ஓடிய அந்தக் கோழையைத் தோளில் தூக்கிக்கொண்டார். முகமெல்லாம் சேறு, சேற்றுக்கு நடுவே கண்கள் மட்டும். "இவனுக்கும் வீட்டுல ஒரு அக்கா காத்துட்டு இருப்பா," என்றார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. அவளுக்குப் பொய் என்று தெரியும். தம்பி நெஞ்சுக்குள் வைத்திருந்ததைத் திருடி அவர் வாயில் வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியும். தெரிந்தே அழுதாள். யாரோ தன் தம்பியைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டார்களே என்று அழுதாள். கைக்குட்டை போதாமல் முந்தானையையும் எடுத்தபோது, அது கணக்கில் வராது என்று தராசுக்காரர் ஓடிவந்து தடுத்தார்.

அன்றைக்கு எல்லாக் கைக்குட்டையையும்விட அவளுடையதுதான் கனம். அது இல்லாவிட்டால் தட்டுத் தாழ்ந்திருக்காது என்று தராசுக்காரரே வாய்த்துணிக்குள்ளிருந்து பாராட்டினார். தன் தம்பி கோழை என்று தானே சாட்சி சொல்லிவிட்டு வந்ததுபோல, ஈரக் கைக்குட்டையைத் தானே துவைத்துப் போட்டாள்.

செய்தி தெருவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? தெருமுனையில் நிற்கிற வாலிபர்கள் தம்பியைப் பார்த்து, தண்ணி வேணும்னா கேளு, குடுவையைத் தூக்கிட்டு ஓடாதே என்று சிரித்தார்கள். தம்பி முற்றத்துக் கதவைச் சாத்திக்கொண்டான். தையற்கடைக்காரர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னாலும் உட்காராமல், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"முத்திரை விழட்டும்மா, அப்புறம் பேசிக்கலாம். மெய்னு விழுந்துட்டா என்னைத் தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு என் பேரப்புள்ளைங்க பள்ளிக்கூடத்துல அதைத்தானே படிக்கும்."

மறுநாள் சலவையக்கா நேராகத் தலைவர் அறைக்குப் போனாள். அவர் அன்பாகத்தான் வரவேற்றார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒரு வார்த்தையைக்கூட மறுக்கவில்லை.

"சரிம்மா. ஜீப் போச்சுன்னே வெச்சுப்போம். நான் திரும்பி வந்திருந்தா ரெண்டு பேரும் செத்திருப்போம், இன்னைக்கு இந்த வாரியத்துக்குத் தலைவர் யாரு? நாட்டுக்கு அது நஷ்டமா இல்லையா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சீனுக்கு நான் பதினாறு தடவை சேத்துல நடந்தேன். உன் தம்பி கனம் வேணும்னு நெல்லு மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்தேன். நெசமா நடந்திருந்தா ஒரு தடவைதானே நடந்திருப்பேன்? அப்ப எது பெரிய தியாகம், நீயே சொல்லு."

பதிலுக்குக் காத்திராமல் அவரே மறுபடி கேட்டார்.

"நீ அழுதியா இல்லையா?"

"அழுதேங்க."

"அப்புறம் என்ன? உன் தம்பியை நான் மன்னிச்சுட்டேன்மா. அதான் படத்துல இருக்கே. ஒரு நன்றிகூடச் சொல்லாம வந்து நிக்கிறியே," என்று வருத்தப்பட்டார்.

வெளியே வந்தவள் தேய்க்க வேண்டிய கைக்குட்டைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். தம்பி இதற்கு முந்திய நாள் அவளைக் கேட்காமல் அந்தப் பெட்டியைத் தார்ப்பாய்மேல் தேய்த்திருந்தான். சூடு பட்டால் மெழுகு இழைக்குள் சீராக இறங்கும் என்று. அடியெல்லாம் மெழுகு. அவனைத் திட்டிக்கொண்டே வாரியத்துக் கைக்குட்டை ஒன்றைத் தேய்த்தாள். பட்டுப்போல வழுவழுவென்று வந்தது. திட்டும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதே கைக்குட்டையால் துடைத்தாள். தண்ணீர் துணிக்குள் போகவில்லை. உருண்டு காதுக்குப் போனது. உதறினாள், ஒரு பொட்டு ஈரமில்லை.

அக்கா அதன்மேல் வேண்டுமென்றே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள், அதுவும் உருண்டு ஓடியதும் பெருமக்கள் காட்சிக்கான கைக்குட்டைக் கட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம்க்கா," என்றான் தம்பி. "உன் வேலை போயிடும்."

"நான்தான்டா அன்னைக்கு அழுது தொலைச்சேன். என் அழுகைலதான் அது மேல போச்சு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "நான் பார்த்திருந்தாலும் அழுதிருப்பேன்க்கா. ஒருத்தன் தூக்க வர்றான்னா அழுகை வராதா? அதைத்தானே அங்க கெடந்து கேட்டேன்," என்றான். மெழுகுச் சட்டியை அவள் பக்கம் தள்ளினான். "ரொம்பப் பூசாதே. விறைச்சுக்கும். நான் உருக்கித் தர்றேன், நீ தேய்."

பெருமக்கள் காட்சிக்கான கைக்குட்டைகள் அத்தனையும் அந்த முற்றத்தில் தயாராயின. தலைவருக்கென்று ஓரத்தில் தங்க நூல் போட்ட கைக்குட்டை ஒன்று உண்டு. அதைத் தம்பி தன் கையால் வாங்கி, முன்னும் பின்னும் இரண்டு தடவை தேய்த்தான். வெகு நாள் கழித்து அவன் சீட்டியடித்ததை அப்போதுதான் அவள் கேட்டாள்.

காட்சி நாளன்று தராசுக்காரர் கைக்குட்டைகளைத் தடவிப் பார்த்து, இவ்வளவு நேர்த்தி இதுவரை வந்ததில்லை என்று மெச்சினார். உலர் எடை போட்டுப் பெருமக்களுக்குக் கொடுத்தார். தராசு வந்தது, எல்லாரும் எழுந்தார்கள், தராசு உட்கார்ந்தது, எல்லாரும் உட்கார்ந்தார்கள். மெய்ம்மை அதிகாரி தத்ரூபத்துக்காக அரங்கின் தரையில் கொஞ்சம் களத்துச் சேற்றைத் தெளித்திருந்தார். ஒரு தளபதியம்மாள் வழுக்கி விழுந்து, படம் தொடங்கும் முன்பே அழுதது கணக்கில் சேருமா என்று கேட்டார்.

தலைவர் பேசினார். சலவையக்கா பின்வாசல் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். மனிதன் பொய் சொல்வான், நினைவு பொய் சொல்லும், ஏன், நேரில் பார்த்தவன்கூடப் பொய் சொல்லலாம் என்றார். பிறகு தங்க நூல் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்தார்.

"கைக்குட்டை பொய் சொல்லாது. இந்தத் தராசு சொல்றதுதான் நடந்தது. இது தாழலைன்னா எதுவும் நடக்கலை. இந்த விதியை எழுதினவன் நான். எனக்கும் சேர்த்துத்தான் எழுதினேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

படம் ஓடியது. கேப்டன் சேற்றில் நடந்து வந்தார். அக்கா காத்துட்டு இருப்பா என்றார். அரங்கமே உடைந்து அழுதது. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் எடுத்திருந்தார்கள். பெருமக்கள் கைக்குட்டையால் துடைத்தார்கள். கண்ணீர் கன்னத்திலிருந்து காதுக்குப் போனது, காதிலிருந்து காலருக்குப் போனது. ஒரு மந்திரி துடைக்கத் துடைக்க முகம் எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. சட்டை நனைந்தது, மடி நனைந்தது, இருக்கை நனைந்தது, தரையில் சேறு இளகியது.

விளக்குப் போட்டார்கள். தராசுக்காரர் முதல் கைக்குட்டையை வைத்தார். தட்டு அசையவில்லை. இரண்டாவதை வைத்தார். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தார். உலர் எடையைத் தாண்டி ஒரு கடுகளவும் ஏறவில்லை. வாய்த்துணியை அவிழ்த்துவிட்டு, வெகு காலத்துக்குப் பிறகு தெளிவாகப் பேசினார்.

"யாரும் அழலைங்க."

தலைவர் சிரித்தார். எல்லாரும் அழுததைத் தானே பார்த்ததாகவும், இதோ மந்திரியின் சட்டை நனைந்திருப்பதாகவும் சொன்னார். மந்திரி அவசரமாகக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தராசுக்காரர் பணிவாக, பார்த்தவன் பொய் சொல்லலாம் என்று ஐயாவே சொன்னதை நினைவுபடுத்தினார். சட்டையை நிறுக்க விதியில்லை.

மெய்ம்மை அதிகாரி எழுந்தார். தலைவர் நாற்காலிமேல் அவருக்கு வெகு நாளாகவே ஒரு கண். எடை கூடாத படம் பொய். பொய்ப் படத்தில் வருவது எதுவும் நடக்கவில்லை என்று கொள்ள வேண்டும். ஆகவே டிரைவர் ஓடவில்லை. குடுவையை எடுக்கவில்லை. கேப்டன் திரும்பி வரவில்லை, தூக்கவும் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் உருக்கமாக இருந்தது.

தலைவருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இது நடிப்பில்லை, தோள் குலுங்கி, மூக்கு ஒழுகி வந்த அழுகை. தங்க நூல் கைக்குட்டையில் முகத்தை அழுத்தித் துடைத்து, ஓடிப்போய்த் தட்டில் வைத்தார்.

"இதை நிறுங்க. இது என் கண்ணீர். நெசமான கண்ணீர். இதை நிறுத்துப் பாருங்க."

தராசுக்காரர் மறுபடி வாயைக் கட்டிக்கொண்டு, கூண்டுக் கதவைச் சாத்தி, குனிந்து பார்த்தார். முள் நின்ற இடத்தில் நின்றது.

'பொய்' என்கிற முத்திரை அந்த வாரியத்தில் அதுவரை தேவைப்பட்டதே இல்லை. எங்கெங்கோ தேடி, உறை பிரிக்காமல் கிடந்ததை எடுத்துவந்து, படப் பெட்டிமேல் குத்தினார்கள். தலைவரின் பதக்கத்தை மெய்ம்மை அதிகாரியே கழற்றினார். ஊசி குத்திவிடப்போகிறது என்று ரொம்பப் பதமாகக் கழற்றினார். மறுநாளே அவரே புதுத் தலைவராகி, தம்பியைக் கூப்பிட்டனுப்பி, அன்றைக்கு அவன் சொன்ன கதை இப்போது நம்புகிற மாதிரி இருப்பதாகவும், படம் எடுக்கலாம் என்றும் சொன்னார். தம்பி, நிறைய தார்ப்பாய் மெழுகு பூசாமக் கெடக்குது, எனக்கு நேரமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டான்.

தையற்கடைக்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை தொப்பியைத் திருகவில்லை. அவருக்கு முன்னால் மகள் வந்து நின்றாள். முத்திரைக்காகக் காத்திருந்தது அப்பாதான், தானில்லை என்று தம்பியிடம் சொல்லி, ஆனாலும் தண்ணீர்க் குடுவை ஒன்று சீராக வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். தம்பி சிரித்துவிட்டான். முற்றத்துக் கதவை அதற்குப் பிறகு அவன் சாத்தவில்லை.

பழைய தலைவர் ஒருநாள் வாரியத்தின் பின்கட்டுக்கு வந்தார். கொடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து வந்தார். நெஞ்சு நிமிரவில்லை. தெருமுனை வாலிபர்கள் இப்போது அவரைப் பார்த்துத்தான் ஜீப் ஓட்டுகிற மாதிரி ஹாரன் அடித்துக் காட்டுகிறார்களாம். அவர் மடித்து வைத்திருந்த தங்க நூல் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"இதுல என்ன பண்ணினே?"

சலவையக்கா வாங்கிப் பார்த்தாள். உதறினாள். இஸ்திரி கலையாமல் அப்படியே இருந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு நீங்க அழுதீங்களா?"

"அழுதேன்மா. சத்தியமா அழுதேன். நீகூடத் திரைக்குப் பின்னாடி நின்னு பார்த்தியே."

"அழுதிருக்கலாங்க. நான் இல்லைன்னு சொல்லல," என்றாள் அவள். ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஆனா நம்பற மாதிரி இல்லையே."

அவ்வளவுதான் கதை. எழுந்து போங்கள், வீட்டில் உங்களுக்காக விளக்கு எரியும். உங்கள் வீட்டில் சேற்றில் விழுந்தவரைத் தூக்க ஒரு கை எப்போதும் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் சொல்வதை நிறுத்துப் பார்க்காமல் நம்புகிறவர்கள் நாலு பேர் சுற்றி இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு எந்த முத்திரையும் தேவைப்படாமல் இருக்கட்டும். உங்கள் கொடியில் காய்கிற துணியெல்லாம் கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் துவைத்த துணியாகவே இருக்கட்டும், கண்ணுகளா.